கிருமி இல்லாத எலும்பு நோய்

இன்னைக்கு நான் பேசப்போற நோயோட பேர் சி.ஆர்.எம்.ஓ. விரிச்சுச் சொன்னா, க்ரானிக் ரெக்கரன்ட் மல்டிஃபோகல் ஆஸ்டியோமைலிட்டிஸ். பேர்தான் நீளம். எலும்புக்குள்ள அழற்சி, பல இடத்துல வரும், போயிட்டுத் திரும்ப வரும், அவ்வளவுதான் அர்த்தம். கிருமி காரணமில்லை, நம்ம உடம்போட எதிர்ப்புச் சக்தியே எலும்பைத் தாக்குது. 1972-ல் கீடியோன் என்ற சுவிஸ் மருத்துவர் இதை விவரிச்சார். பெரும்பாலும் பத்து வயசை ஒட்டி வரும். பெண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம்.

எனக்கு வந்தப்போ வயசு 11. ஊர் காஞ்சிபுரம், அப்பா நெசவாளர். கழுத்துக்குக் கீழே தோள் வரைக்கும் போகுமே, அந்தக் காறை எலும்புலதான் முதல் வலி.

எங்க ஊர்ல எந்த வலிக்கும் ஒரு காரணம் தயாரா இருக்கும்: தறி. கோர்வைச் சேலைல உடம்பு ஒரு நிறம், கரை வேற நிறம். ஒரு பக்கக் கரைக்கு நாடா தள்ள இன்னொரு ஆள் கூட உட்காரணும். லீவு நாள்ல அந்த ஆள் நான்தான். அதனால, "தறியில உட்கார்ந்த வலி, தைலம் தேய்ச்சா போயிடும்"னு பாட்டி முடிச்சுட்டாங்க. ஆனா வேலை செஞ்ச வலி படுத்தா குறையணும். இது ராத்திரிதான் என்னை எழுப்பி உட்கார வச்சுது. அதைக் கவனிச்சது அம்மா.

எக்ஸ்ரேல எலும்பு அரிச்சிருந்தது. கிருமித் தொற்றுன்னு நினைச்சு ஒரு மருத்துவமனைல ஆறு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்தாங்க. வலி அசையவே இல்லை. அடுத்த சந்தேகம் எலும்புக் காசநோய், அதுக்கும் அடுத்தது புற்றுநோய். அறிஞர் அண்ணா எங்க ஊர்க்காரர். 1969-ல் புற்றுநோயால இறந்தார். அவர் பேர்ல அரசு புற்றுநோய் மருத்துவமனை காரப்பேட்டைல இருக்கு. பயாப்ஸி முடிவு வர்ற வரைக்கும் எங்க வீட்டுல யாரும் அந்தப் பேட்டை பேரைச் சொல்லலை.

முடிவு வந்தது. புற்று செல் இல்லை, காசநோய் இல்லை, கல்ச்சர்ல எந்தக் கிருமியும் வளரலை. சென்னையில் முழு உடம்புக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தப்போ, வலியே இல்லாத கணுக்கால் பக்கத்துலயும் ஒரு முதுகெலும்புலயும் அழற்சி தெரிஞ்சுது. "கிருமி இருந்தாத்தானேம்மா மருந்துக்குச் சாகும்"னார் டாக்டர்.

இந்த நோய்க்குன்னு தனி டெஸ்ட் கிடையாது. ரத்தப் பரிசோதனை நார்மலாக்கூட இருக்கலாம். மத்த நோய்களை ஒவ்வொண்ணா விலக்கித்தான் இதுக்கு வரணும். அதனால பயாப்ஸின்னா பயந்து ஓடாதீங்க. கூகுள்ல படிச்சுட்டு, "இது அதுதான்"னு நீங்களே முடிவு கட்டவும் வேண்டாம்.

சிகிச்சை பெரும்பாலும் நாப்ராக்சன் மாதிரி அழற்சி மருந்துல தொடங்கும். முதுகெலும்பு பாதிச்சிருந்தா அது நொறுங்கி அமுங்கும் ஆபத்து உண்டு; அப்போ பாமிட்ரோனேட் மாதிரி மருந்தை டிரிப்ல ஏத்துவாங்க. எனக்கும் ஏத்தினாங்க.

இப்போ எனக்கு 24. நடுவுல ரெண்டு தடவை வலி திரும்ப வந்தது. நோயோட பேர் தெரிஞ்சதால, ரெண்டு தடவையும் நேரா சரியான மருந்துக்கே போனோம்.

உங்க வீட்டுக் குழந்தைக்கு அடிபடாமலே வாரக்கணக்கா ஒரே இடத்துல எலும்பு வலிச்சா, ராத்திரியில தூக்கம் கெட்டா, 'வளர்ற வயசு வலி'ன்னு விட்டுடாதீங்க. கொடுத்த மருந்து கேட்கலைன்னா, "வேற என்னவா இருக்கலாம், டாக்டர்?"னு தைரியமா கேளுங்க. குழந்தைகளுக்கான ருமட்டாலஜிஸ்ட்கிட்ட அனுப்பச் சொல்லுங்க.