அந்த இளைஞன் யார் என்று கேட்காதீர்கள்

ரஷ்ய ஓவியர் வசீலி புகிரெவ் 1862-இல் வரைந்த 'பொருந்தா மணம்' என்ற ஓவியம் மாஸ்கோவில் திரெத்தியாகோவ் காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பற்றி வாய் திறக்கிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: மணப்பெண்ணுக்குப் பின்னால் கைகட்டி நிற்கிற அந்த இளைஞன் யார்? காதலியைப் பறிகொடுத்த ஓவியரேதான் என்கிறது ஒரு கூட்டம். இல்லை, அவருடைய நண்பர் என்கிறது இன்னொரு கூட்டம். 2002-இல் அந்தக் காட்சியகத்துக்கு ஒரு பென்சில் சித்திரம் வந்து சேர்ந்தது. சுகோவ் என்பவர் 1907-இல் வரைந்த ஒரு கிழவியின் முகம். புகிரெவின் படத்து மணப்பெண்ணுக்கு மாதிரியாக இருந்த பிரஸ்கோவியா வரென்த்சோவா இவர்தான் என்று அதில் ஒரு குறிப்பு. காதல் கதைக்காரர்களுக்குக் கேட்கவா வேண்டும்! இழவு வீட்டில் பந்தி விசாரிக்கிற புத்தி இது. ஒரு நாட்டின் வழக்கத்தையே கூண்டில் ஏற்றிய ஓவியத்தை ஒருவனுடைய காதல் தோல்வியாகச் சுருக்கினால், குற்றவாளிகள் அத்தனை பேரும் கைவீசிக்கொண்டு வெளியே போய்விடுகிறார்கள்.

யார் அந்தக் குற்றவாளிகள்? படத்தைப் பாருங்கள். கழுத்தில் பதக்கம் தொங்கும் கிழட்டு அதிகாரி அழுகிற பெண்ணைக் கடைக்கண்ணால் முறைக்கிறார். அவளுடைய கையில் மெழுகுவர்த்தி சரிந்து கிடக்கிறது. பொன்னாடை போர்த்திய பாதிரியார் குனிந்து, மோதிரத்தை அவள் விரலுக்குக் கொண்டுபோகிறார். ரஷ்யத் திருச்சபைச் சடங்கில் மோதிரம் மாற்றிய பிறகுதான், முழு மனதோடு சம்மதிக்கிறாயா என்று பெண்ணிடம் கேட்பார்கள். கேள்வி இனிமேல்தான் வரவேண்டும். பதிலோ அவள் கண்களில் ஏற்கெனவே தெரிகிறது. பாதிரியாருக்குக் கண் இல்லையா? சுற்றி நிற்கிற சொந்தபந்தங்களுக்கு இல்லையா? இத்தனை முகங்களையும் விட்டுவிட்டு, அந்த இளைஞன் யார் என்று கேட்கிறீர்களே!

பணக்கார இடம், பெண் பட்டுடுத்தி வாழ்வாள் என்பார்கள். பட்டு உடுத்தித்தான் நிற்கிறாள், அழுகை நின்றதா? சட்டப்படி நடந்த மணம்தானே என்பார்கள். அந்தச் சட்டத்தின் யோக்கியதையையும் பார்ப்போம். யாரையும் கட்டாயப்படுத்தி மணமுடிக்கக் கூடாது என்றது ஜாரின் சட்டம். பெற்றோர் அனுமதி இல்லாமல் மணமுடிக்கக் கூடாது என்றதும் அதே சட்டம். 16 வயதுப் பெண் மணமாகலாம். 80 வயதைத் தாண்டியவருக்கு மட்டும் தடை. அதாவது 79 வயதுக் கிழவருக்கு 16 வயதுச் சிறுமி சட்டப்படி பொருத்தமான ஜோடி! மணமான பிறகு, கணவன் ஒப்புதல் இல்லாமல் தனியாகப் பாஸ்போர்ட் வாங்கி வேறிடத்தில் வாழவும் அவளுக்கு வழியில்லை. பண்ணையடிமைகளுக்கு 1861-இல் விடுதலை கொடுத்த ரஷ்யா, மறுவருடம் வரையப்பட்ட இந்தப் பெண்ணுக்கு எதைக் கொடுத்தது?

ஓவியரின் சொந்தச் சோகம்தான் படத்துக்கு உயிர் கொடுத்தது என்று கடைசியாக ஒரு வாதம் வரும். சோகம் இருந்திருக்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் 173 சென்டிமீட்டர் உயரத் திரையைத் தேர்ந்தெடுத்தது சோகம் அல்ல, துணிச்சல். அன்றாட வாழ்க்கைப் படங்கள் சிறியவையாக இருந்த காலம் அது; அந்த அளவெல்லாம் புனிதர்களுக்கும் மன்னர்களுக்கும் உரியது. 1863-இல் படம் பீட்டர்ஸ்பர்க்கில் காட்சிக்கு வந்தது. அதே வருடம் அந்நகரின் கலைக் கழகம் தங்கப் பதக்கப் போட்டிக்குக் கொடுத்த தலைப்பு என்ன தெரியுமா? வல்ஹல்லாவில் ஓதின் கடவுளின் விருந்து! ரஷ்யாவின் தேவாலயங்களில் பெண்கள் அழுதுகொண்டிருக்க, கழகத்துக்கு வடதேசக் கடவுளின் சாப்பாட்டுக் கவலை. அந்தத் தலைப்பை மறுத்து போட்டியாளர்கள் 14 பேர் வெளியேறினார்கள். ஆனாலும் அந்தக் கழகமே புகிரெவுக்குப் பேராசிரியர் பட்டம் கொடுத்தது. படத்தின் வலிமையை அவர்களாலும் மறுக்க முடியவில்லை.

ஆகவே நண்பர்களே, இந்தப் படத்தின் முன் நிற்கும்போது அந்த இளைஞன் யார் என்று கேட்காதீர்கள். மோதிரத்தை நீட்டுகிற கை யாருடையது, அந்தக் கைக்கு அதிகாரம் கொடுத்தது யார் என்று கேளுங்கள்.