பொதுக் கூடமும் பொது அறிவும்

ஒரு மீற்றரை நூறு கோடி கூறுகளாக வகுத்தால் அவற்றுள் ஒன்றே நனோமீற்றர் எனப்படும். அத்துணை நுண்ணிய அளவிலே பொருள்களை ஆக்கும் கருவிகள் பெருவிலையுடையன. தூசி புகாத அறைகளையும் தேர்ந்த பணியாளரையும் வேண்டுவன. ஒவ்வொரு கல்லூரியும் இவற்றைத் தனித்தனியே தேடிக்கொள்ளுதல் இயலாது. ஆதலின், ஊர்ப் பொதுக்கிணறுபோலப் பலரும் வந்து பயன்கொள்ளும் ஆராய்ச்சிக்கூடங்கள் எழுந்தன. ஐக்கிய அமெரிக்காவிலே, தேசிய விஞ்ஞான மன்றத்தின் உதவியுடன், கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 1977ஆம் ஆண்டு அத்தகைய கூடமொன்று நிறுவப்பட்டது. 2015ஆம் ஆண்டில் 16 நிலையங்கள் ஒரே இணைப்பின்கீழ்க் கொண்டுவரப்பட்டன.

ஒரு பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் பலர். இத்தகைய கூடத்தைக் காப்போர் சிலரே. தமது இடர்ப்பாட்டை விளங்கிக்கொள்ளும் தோழரைக் காண அவர்கள் நெடுந்தூரம் செல்லவேண்டியுள்ளது. அதற்காகவே மகாநாடுகள் கூட்டப்படுகின்றன. அங்கே அவர்கள் பேசுவது யாது? புதிய கண்டுபிடிப்புக்களைப் பற்றி அன்று. அவற்றை வெளியிட விஞ்ஞான சஞ்சிகைகள் உள. பழுதடைந்த வெற்றிடப் பம்பியைச் சீராக்குவது எவ்வாறு, மணிக்கு எவ்வளவு கட்டணம் அறவிடுவது, புதிய மாணவனை எத்துணைப் பயிற்சியின் பின் தனியே வேலைசெய்ய விடுவது என்பனவே அங்கு ஆராயப்படுகின்றன.

உதாரணமாக, பொன் படிந்த தகடொன்றை ஒருவர் அறியாமற் சூளையில் இட்டுவிட்டால், பொன்னணுக்கள் அங்கே தங்கிப் பின்வருவோரின் சிலிக்கன் தகடுகளையும் கெடுக்கும். தவறு ஒருவருடையது, நட்டம் பலருக்கு.

இதனினும் கொடியது ஐதரோபுளோரிக் அமிலம். நீர்த்த நிலையில் அது தோலிற் பட்டால் உடனே நோவு தோன்றாதிருத்தல் கூடும். சில மணி நேரத்தின்பின் நோவு தோன்றும்போது, அது உட்புகுந்து உடலிலுள்ள கல்சியத்தைப் பற்றத் தொடங்கியிருக்கும். உயிருக்கே ஆபத்து நேரலாம். பட்டவுடன் நீரினாற் கழுவி, கல்சியம் குளுக்கோனேற்றுக் களிம்பைப் பூசி, தாமதமின்றி வைத்தியரை நாடவேண்டும். கூடத்தினுள் நுழையும் ஒவ்வொருவரும் இதனை முன்னரே அறிந்திருத்தல் அவசியம்.

தமது கூடத்தில் நேர்ந்த குறையைப் பிறர்முன் எடுத்துரைத்தல் எவர்க்கும் எளிதன்று. ஆயினும், ஓரிடத்தில் மயிரிழையில் தப்பிய விபத்தை மறைத்துவிட்டால், அதுவே மற்றோரிடத்தில் ஓர் இளைஞனின் உயிரைக் கொள்ளக்கூடும். கருவிகளைப் பொதுவில் வைத்தோர் அனுபவத்தையும் பொதுவில் வைத்தல் வேண்டும். அம்மகாநாடுகளின் பயன் அதுவேயாகும்.