கொழுப்பு சிதைந்த தடயம்

சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் மாலோன்டைஆல்டிஹைடு என்றொரு பொருள் பெரும்பாலும் கூடுதலாகத் தென்படும். செல்லுக்குள் குளுக்கோஸ் மிதமிஞ்சிச் சேர்ந்தால், மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சூப்பராக்சைடு என்ற முரட்டு மூலக்கூறு அதிகமாகக் கிளம்புகிறது. அதன் தொடர்வினையில் செல் சவ்வின் கொழுப்பு சிதைந்து மிஞ்சுவதுதான் அந்தப் பொருள். கண், சிறுநீரகம், நரம்பு பழுதாவதற்கு அந்த சூப்பராக்சைடே பொது வேர் என்று 2001இல் விளக்கினார் ஆய்வாளர் மைக்கேல் பிரவுன்லீ. இதற்கெதிராகச் செல்லில் காவலுக்கு நிற்கும் குளுட்டாதயோன் என்ற பொருளோ பலருக்குக் குறைந்துவிடுகிறது.

அப்படியானால் இந்தச் சிதைவைத் தடுக்கும் வைட்டமின் இ மாத்திரை போதுமே என்று தோன்றும். 2000இல் வெளியான ஹோப் என்ற ஆய்வில் அது மாரடைப்பைக் குறைக்கவில்லை. நீங்களாகக் கடையில் வாங்கி விழுங்காதீர்கள், தயவுசெய்து. மாலோன்டைஆல்டிஹைடு, குளுட்டாதயோன் அளவைப் பார்க்கும் பரிசோதனைகள் இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சியோடு நிற்கின்றன. டாக்டர் கேட்பது ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனையை. தள்ளிப்போட்டவர்கள் இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.