இணையத்திற்குக் கடிவாளமா, வாய்ப்பூட்டா?

(மல்லேஸ்வரத்தில் நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இணையத்தை அரசு கட்டுப்படுத்தலாமா, கூடாதா என்பது பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம். இது சட்டம் பயின்றோர்க்கு மட்டும் உரிய பொருளன்று. பிறமொழி வழங்கும் ஊரில் குடியேறி, அவ்வூராரோடு அண்டை அயலாராய் வாழும் நம் போன்றோர்க்கு மிகவும் உரிய பொருளாகும்.

2012 ஆகஸ்டு மாதத்தில், இப்பெங்களூரில் வாழும் வடகிழக்கு மாநிலத்தார் தாக்கப்படுவர் என்னும் வதந்தி கைப்பேசி வழியே பரவிற்று. பல்லாயிரவர் வேலையையும் படிப்பையும் துறந்து, மூட்டை முடிச்சுகளோடு ரயில் நிலையத்தில் திரண்டனர். குவாஹாட்டிக்குத் தனி வண்டிகள் விடப்பட்டன. ஒரு பொய் இத்துணைக் குடும்பங்களை ஊர் பெயர்த்ததைக் கண்ட பின்னர், கட்டுப்பாடே வேண்டா என்று எவர் கூறுவார்?

ஆயினும் மறுபக்கத்தையும் நோக்குவோம். அம்மாதத்திலேயே மத்திய அரசு மொத்தக் குறுஞ்செய்திகளுக்குத் தடை விதித்தது. முந்நூறுக்கு மேற்பட்ட இணையப் பதிவுகளையும் பக்கங்களையும் முடக்க ஆணையிட்டது. இந்நகரிலுள்ள இணையச் சமூக ஆய்வு மையத்தார் அப்பட்டியலை ஆராய்ந்தனர். வதந்தி பொய்யென்று எடுத்துரைத்த பதிவுகள் சிலவும் அதில் அகப்பட்டிருந்தன! தீயை அணைக்கச் சென்றவர் நீர்க்குடத்தையும் உடைத்தது போலாயிற்று.

அவ்வாண்டு நவம்பரில் மராட்டிய மாநிலத்துப் பால்கரில் நிகழ்ந்தது மற்றொன்று. பால் தாக்கரே மறைவையொட்டி மும்பையில் கடையடைப்பு நடந்தது. அது குறித்து முகநூலில் வினவிய இளம்பெண் ஒருத்தியும், அதற்கு விருப்பம் தெரிவித்த தோழியும் கைது செய்யப்பட்டனர். அதற்குக் கருவியாயிருந்தது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. புண்படுத்தும் செய்தி என்றாலே 3 ஆண்டு வரை சிறையிட அஃது இடமளித்தது. எவர் மனம், எதனால் புண்பட்டது என்பதற்கு அளவுகோல் ஏது?

2015 மார்ச் 24ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அப்பிரிவைச் செல்லாதென்று தீர்த்தது. ஒரு கருத்தை விவாதிப்பதும் வலியுறுத்துவதும் உரிமை. தீங்கிற்குத் தூண்டும்போதே சட்டம் தலையிடலாம் என்று வரையறுத்தது. ஆனால், காரணத்தை எழுத்தில் வைத்து, குழுவின் ஆய்வுக்கு உட்பட்டு, குறிப்பிட்டவற்றை முடக்கும் 69ஏ பிரிவை நிலைநிறுத்தியது. கடிவாளம் வேறு, வாய்ப்பூட்டு வேறு என்பது இதனால் விளங்கும்.

2016 செப்டம்பரில் காவிரிப் பூசல் மூண்டதை நாம் மறக்கவில்லை. இங்கே தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிந்தன. இங்கு ஒரு தமிழரையும், அங்கு ஒரு கன்னடரையும் அடிக்கும் காட்சிகள் படமாய்ப் பரவி, இருபாலும் சினத்தை வளர்த்தன. வதந்திகளை நம்பாதீர் என்று இந்நகர்க் காவல்துறை அறிவித்ததும் அதே இணையத்தின் வழியாகத்தான். முழுதும் அடைத்திருந்தால் அம்மெய்யும் நம்மை எட்டியிராது.

ரயில்பாதைக்குக் கைகாட்டி மரம் வேண்டும். விபத்துக்கு அஞ்சித் தண்டவாளத்தைப் பெயர்ப்பாரில்லை. ஆதலின், தூண்டுவோரைத் தண்டிக்கும் சட்டம் இருக்கட்டும். ஆணையிடுவோர் காரணம் கூறட்டும். அக்காரணம் நீதிமன்றத்தில் சோதிக்கப்படட்டும்.

மற்றொரு காவல் நம் கையில் உள்ளது. 2018இல் வதந்திக்கு உயிர்கள் பலியான பின்னர், வாட்ஸப் நிறுவனம் நம் நாட்டில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்பவியலாது என்று வரம்பிட்டது. அந்த ஐந்துக்கும் முன்னே, ஒருமுறை அனுப்புதற்கும் நாம் தயங்குதல் வேண்டும். கன்னடரைப் பழிக்கும் செய்தி வரின், எதிர்வீட்டுக் கன்னட அன்பரிடம் காட்டக் கூசுவோமாயின், அதனைத் தமிழரிடத்தும் பரப்பற்க.