கடைக்குள்ள தங்காத காசு



"கடைக்காரர் குட்டி முதலாளிதானே, அவருக்காக நாங்கள் ஏன் கதைக்க வேணும்?" என்று போன கூட்டத்தில் ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. ஸ்காபரோவில் அம்மா அப்பா நடத்தின சாறிக்கடைக்குள்ள வளர்ந்த பிள்ளையாக அதுக்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

2020 மார்ச்சில் கலியாணம், சாமத்தியவீடு எல்லாம் நின்றுபோனது. சாறி வாங்க ஆள் இல்லை. ஏப்ரலில் கனடா அரசு வங்கிகள் வழியாக 'சீபா' கடனைக் கொடுக்கத் தொடங்கியது. 40,000 டொலர், வட்டி இல்லை. தவணைக்குள் 30,000ஐக் கட்டினால் மிச்சம் 10,000 எங்களுக்கு. அந்தப் 10,000தான் உண்மையான மானியம்.

ஆனால் அதை எடுக்க, 2019இல் குறைந்தது 50,000 டொலர் சம்பளம் கொடுத்திருக்க வேணும். பிறகு அதை 20,000 ஆக்கினார்கள். எங்கட கடையில் அம்மா காலமையில இருந்து இரவு வரைக்கும் நிற்பா. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து சாறி மடிப்பேன். ஒருத்தருக்கும் சம்பளம் இல்லை. அரசின் கணக்கில் நாங்கள் வேலையே செய்யவில்லை! இப்படியான குடும்பக் கடைகளுக்குக் கதவு திறந்தது ஜூனில். சொந்த வங்கிக் கணக்கில் வியாபாரம் செய்தவர்களுக்கு ஒக்டோபர் கடைசியில்.

வாடகை உதவி இன்னும் மோசம். பாதியை அரசு தரும், கால்வாசியைக் கடைக்காரர் கட்ட வேணும், கால்வாசியைக் கட்டடச் சொந்தக்காரர் விட்டுக்கொடுக்க வேணும். ஆனால் விண்ணப்பிக்கக்கூடியவர் சொந்தக்காரர் மட்டும்தான். எங்கட ஆள் விண்ணப்பிக்கவில்லை. சும்மா கால்வாசியை இழக்க அவருக்கென்ன விசரா? கடைக்காரரே விண்ணப்பிக்கக்கூடிய திட்டத்தை ஒக்டோபரில்தான் அறிவித்தார்கள். அதுக்கிடையில் ஆறு மாத வாடகை நிலுவை. ஜூலையில் கைக்கு வந்த சீபாக் கடனில் இருந்துதான் அதைக் கட்டினோம். அரசு தந்த காசு எங்கட கடைக்குள்ள ஒரு இரவு தங்காமல் கட்டடச் சொந்தக்காரரிடம் போனது. கடன் மட்டும் எங்கட பெயரில் நின்றது. 2024 ஜனவரி 18க்குள் கட்ட முடியாத கடைகளுக்கு மானியமும் போய், 5 வீத வட்டியும் ஏறியது.

இப்ப, சொல்லக் கூச்சமான பகுதி. எங்கட கடையில் ஒரு அக்கா வேலை செய்தவா. அவவுக்குச் சம்பளம் கையில காசாகத்தான். அதனால அரசின் ஊதிய மானியத்தை அவவுக்காகக் கேட்க முடியவில்லை. வேலை போனபோது உதவி கேட்க, சம்பளம் வாங்கினதுக்கு ஒரு துண்டுக் கடதாசியும் அவவிடம் இல்லை. அரசுக்கு எங்களைத் தெரியவில்லை என்று கோபப்பட்ட நாங்கள்தான், அவவை அரசின் கண்ணில படாமல் வைத்திருந்தோம்.

ஆகவே என் பதில்: கதைக்க வேணும், கடைக்காரருக்காக மட்டும் இல்லை. ஒன்ராறியோவில் கடை வாடகைக்கு உச்சவரம்பு கிடையாது. அது வராதவரை எந்த மானியமும் கடைசியில் சொந்தக்காரரிடம்தான் போய்ச் சேரும். உதவி நேரடியாகக் கடைக்கு வரவேணும். குடும்ப உழைப்பையும் உழைப்பாக எண்ண வேணும். வேலை செய்கிறவரின் சம்பளம் எழுத்தில் இருக்க வேணும். இதெல்லாத்தையும் சேர்த்துக் கேட்டால்தான் கல்லாவில் இருக்கிறவரும் பின்னால் பெட்டி தூக்கிறவரும் ஒரே பக்கத்தில் நிற்கலாம்.

அடுத்த முறை உங்கட சொந்தக்காரரின் கடைக்குப் போனால் ரெண்டு கேள்வி கேளுங்கோ: வாடகை எவ்வளவு? வேலை செய்கிறவருக்குச் சம்பளம் எப்படி? ரெண்டையும் கேளுங்கோ.