லேபிளில் உள்ள எண்

(கிளப் ஹவுஸில் பெரியவர்களுக்கு மட்டும் நடந்த மாலைக் கூட்டத்தில் நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் சார் என்னைப் பேசச் சொன்னதுமே, "அசோசியேஷன் கூட்டத்தில் மதுவைப் பற்றியா?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். குடிக்காதவர்களைக் குடிக்க வைக்க நான் வரவில்லை. அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் வரும்போது நம் பிளாக்குகளில் பல வீடுகளுக்குப் போர்பன் பாட்டில் வருகிறது. அதில் சில 57, 60 சதவீதம். பழைய பழக்கத்தில் அளந்து ஊற்றினால் என்ன ஆகும் என்று யாராவது சொல்ல வேண்டும். கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் நகரில் ஒன்பது வருஷம் இருந்தவன் என்பதால் அந்த வேலை என்னிடம் வந்தது.

முதலில் எண். நம் ஊர் விஸ்கியில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அது ஏன் அப்படி ஒரு புள்ளிக் கணக்கு? பழைய பிரிட்டிஷ் முறையில் 100 டிகிரி புரூஃப் என்பது ஏறக்குறைய 57.1 சதவீத ஆல்கஹால். அதில் முக்கால் பங்கு, அதாவது 75 டிகிரி, 42.8. அமெரிக்கக் கணக்கு இன்னும் சுலபம். புரூஃப் எண்ணைப் பாதியாக்கினால் சதவீதம் வந்துவிடும். 100 புரூஃப் என்றால் 50, 120 என்றால் 60.

போர்பனுக்கு அமெரிக்கச் சட்டம் கறாரானது. தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம். உட்புறம் தீயில் கருக்கிய புது ஓக் பீப்பாய். பீப்பாயில் ஊற்றும்போது 125 புரூஃபைத் தாண்டக் கூடாது. சாயம், வாசனை எதுவும் சேர்க்கக் கூடாது. நாக்கில் வரும் வெனிலா வாசனை கருகிய மரம் கொடுத்தது.

125-க்குள் ஊற்றினால் 130 புரூஃப் பாட்டில் எப்படி வருகிறது என்று கேட்பீர்கள். கென்டக்கிக் கிடங்குகளின் மேல் மாடிகளில் கோடையில் அனல் அடிக்கும். அங்கே பீப்பாய்க்குள் ஆல்கஹாலைவிடத் தண்ணீர் வேகமாக ஆவியாகும். வருஷம் போகப் போக வீரியம் ஏறும். அதைத் தண்ணீர் கலக்காமல் அடைத்தால் 'பேரல் புரூஃப்'. மற்றவற்றில் கம்பெனியே தண்ணீர் சேர்த்து இறக்குகிறது.

இங்கேதான் விலைக் கணக்கு வருகிறது. 114 புரூஃப், 750 மில்லி பாட்டில் ஒன்று. அதில் கால் லிட்டர் தண்ணீர் சேர்த்தால் 42.8 சதவீதத்தில் ஒரு லிட்டர் கிடைக்கும். வீரியம் குறைந்த பாட்டிலில் அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

லேபிளில் 'பாட்டில்ட் இன் பாண்ட்' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தக் காலத்தில் புகையிலைச் சாறு வரை கலந்து விஸ்கி என்று விற்றார்கள். அதைத் தடுக்க 1897-ல் வந்த சட்டம் இது. ஒரே டிஸ்டில்லரி, ஒரே பருவத்தில் வடித்தது, அரசு மேற்பார்வையுள்ள கிடங்கில் குறைந்தது நான்கு வருஷம், சரியாக 100 புரூஃப். எவன் வில்லியம்ஸில் இந்த வகை, வெள்ளை லேபிள், அங்கே 20 டாலரை ஒட்டிக் கிடைக்கும். வைல்டு டர்க்கி 101 சுமார் 25 டாலர். ஓல்டு கிராண்ட்-டாட் 114 அதைவிடக் கொஞ்சம் கூட. பேரல் புரூஃப் வேண்டும் என்றால் வைல்டு டர்க்கி ரேர் பிரீட் 50 டாலர் அளவில். மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம் இருக்கும்.

பிள்ளைகளிடம் "பேப்பி வான் விங்கிள் வாங்கி வா" என்று மட்டும் சொல்லாதீர்கள். கம்பெனி சொல்லும் விலையைப் போலப் பல மடங்கு வெளியில் கேட்கிறார்கள். காலி பாட்டிலை நிரப்பி விற்கும் போலியும் உண்டு. விஸ்கி பீப்பாயில்தான் முதிரும், பாட்டிலில் முதிராது. பத்து வருஷம் அலமாரியில் வைத்தாலும் ருசி கூடாது. சேகரிப்பு என்றால் ஐந்தாறு பாட்டில் போதும், ஒவ்வொன்றும் வேறு ருசியாக இருக்கட்டும். ஓல்டு கிராண்ட்-டாடில் ரை தானியம் அதிகம். மிளகு, கிராம்பு போலக் காரம் தெரியும். மேக்கர்ஸ் மார்க்கில் ரைக்குப் பதில் கோதுமை. அது மென்மை.

இனி குடிக்கும் முறை. 15 மில்லி போதும். வாய் குறுகிய சின்ன கிளாஸ். மூக்கை உள்ளே விடாமல், வாயைச் சற்றே திறந்து மோந்து பாருங்கள். முதல் வாய் சில துளிதான். அதில் எரிச்சல் மட்டும் தெரியும், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒரு நிமிஷம் விட்டு இரண்டாம் வாய். பிறகு ஒரு ஸ்பூன் தண்ணீர், திரும்பவும் ருசி. வெல்லப்பாகு, பட்டை, வறுத்த வேர்க்கடலை என்று ஒவ்வொன்றாக எழும். தண்ணீர் கலப்பது குறைச்சல் இல்லை. எவ்வளவு என்று கம்பெனி முடிவு செய்யாமல் நீங்கள் முடிவு செய்கிறீர்கள், அவ்வளவுதான்.

நான் வந்ததே அடுத்த விஷயத்தைச் சொல்லத்தான். 60 சதவீதத்தில் 30 மில்லி என்பது நம் ஊர் விஸ்கியில் 42 மில்லி. இரண்டு லார்ஜ் என்று பழக்கத்தில் ஊற்றினால், கிட்டத்தட்ட மூன்று லார்ஜ் உள்ளே போயிருக்கும். கை அளவு அதேதான், உடம்புக்குத்தான் கணக்கு தெரியும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேளுங்கள். குடித்தால் வண்டிச் சாவியைத் தொடாதீர்கள், கீழ்த்தளத்தில் காரை நகர்த்தி நிறுத்தக்கூட.

கொண்டு வருவதிலும் கணக்கு உண்டு. 2025 பிப்ரவரியில் போர்பன் மீதான இறக்குமதி வரி 150-லிருந்து 100 சதவீதமாகக் குறைந்தது. அப்படியும் இங்கே விலை அதிகம். விமானத்தில் வருபவருக்கு 2 லிட்டர் வரை வரியில்லை. 70 சதவீதத்தைத் தாண்டிய பாட்டிலை விமானத்தில் ஏற்றவே கூடாது. ஜார்ஜ் டி. ஸ்டாக் சில வருஷங்களில் அதைத் தாண்டியிருக்கிறது. வாங்கும் முன் எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைத்தால் வீரியம் கார்க்கை அரிக்கும். வெயில் படக் கூடாது. பாதிக்குக் கீழ் போனால் சின்ன பாட்டிலுக்கு மாற்றினால் ருசி நிற்கும். கேஸ் அடுப்புப் பக்கமும் பூஜை விளக்குப் பக்கமும் வேண்டவே வேண்டாம். 40 சதவீத மதுவின் ஆவியே சுமார் 26 டிகிரியில் தீப்பற்றும், 60 சதவீதம் அதற்கும் முன்னாலேயே. நம் வீட்டுக்குள் கோடையில் எத்தனை டிகிரி என்று உங்களுக்கே தெரியும். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டும் போடுங்கள்.

அடுத்த பாட்டில் வந்ததும் பெயரைப் பார்க்கும் முன் எண்ணைப் பாருங்கள். விலை அதிகமா, எவ்வளவு ஊற்றலாம், எங்கே வைக்கலாம் என்று மூன்றையும் அதை வைத்தே சொல்லிவிடலாம். இனி உங்கள் கேள்விகள்.