உதிரும் உரோமமும் உதிராத உறவும்

திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் பகுதியைச் சேர்ந்த எடுத்தனூரில் ஒரு நடுகல் உள்ளது. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 1400 ஆண்டுப் பழமையுடையது. தொறுப்பூசலில் உயிர் நீத்த வீரன் ஒருவனுக்காக எடுக்கப்பட்ட அக்கல்லில், அவன் அருகே ஒரு நாயின் உருவமும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்நாயின் பெயர் கோவிவன். அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் காத்த செய்தியைக் கல்வெட்டு கூறுகிறது. ஒரு நாயின் பெயரையும் செயலையும் கல்லில் எழுதிப் போற்றிய மரபு நம்முடையது.

ஆயினும் கோவிவன் திறந்த வெளியில் வாழ்ந்தது. அதன் உரோமம் காட்டிலும் மேட்டிலும் உதிர்ந்திருக்கும். எவருக்கும் இடையூறு இருந்திராது. நம்முடைய நாய்களோ தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் கொல்கத்தாவிலும் இரண்டு அறைகள் கொண்ட அடுக்குமாடி வீடுகளில் நம்மோடு வாழ்கின்றன. அவற்றின் உரோமம் நம் படுக்கையில் விழுகிறது; உடையில் ஒட்டுகிறது; சில வேளைகளில் சோற்றிலும் கிடக்கிறது. சிறிய செய்திதானே என்று தோன்றலாம். ஆனால் இச்சிறு செய்தியால் வீட்டில் பூசல் எழுவதையும், வளர்த்த நாயைத் துறக்க எண்ணுவோர் உண்டாவதையும் நாங்கள் கண்டிருக்கிறோம். அவ்வாறு எண்ணியவர்களுள் நாங்களும் அடங்குவோம்.

நாங்கள் தில்லியில் மூன்றாம் மாடியில் குடியிருப்பவர்கள். எங்கள் வீட்டு நாய்க்கு மணி என்று பெயர். பாமரேனியன் என்று நம் நாட்டில் பொதுவாக அழைக்கப்படும் வெண்ணிற ஸ்பிட்ஸ் இனம். ஒரு பங்குனி மாதத்தில், தஞ்சாவூரிலிருந்து அம்மா எங்களோடு தங்கியிருக்க வந்தார்கள். கதவைத் திறந்ததும் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது வீடா, பஞ்சாலையா?" என்று கேட்டார்கள். கேள்வியில் மிகை இல்லை. மின்விசிறி சுழலும்தோறும் வெள்ளைச் சுருள்கள் தரையில் உருண்டோடிக்கொண்டிருந்தன.

மறுநாள் கீழ்வீட்டு அம்மையார் படியேறி வந்து முறையிட்டார். எங்கள் மாடத்திலிருந்து உரோமம் பறந்து, அவர் உலர்த்தியிருந்த துணிகளின்மேல் படிந்துவிட்டதாம். இந்தியில் மயிரைக் குறிக்கும் சொல் நம் காதுக்குப் 'பால்' என்றே கேட்கும். "பால் விழுகிறது, பால் விழுகிறது" என்று அவர் சொல்ல, அம்மா விரைந்து அடுப்பங்கரைக்குச் சென்று பார்த்து, "பால் பொங்கவே இல்லையே!" என்றார்கள். பொருள் விளங்கியதும் எல்லாரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியபின் அம்மா சொன்ன சொல்தான் எங்கள் நெஞ்சில் தைத்தது: "அந்தப் பால் கொட்டினால் துடைத்துவிடலாம். இந்தப் பாலை எதைக் கொண்டு துடைப்பது? வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்."

அன்றிரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை. ஊரை விட்டு வந்து மொழி தெரியாத தெருவில் குடியேறிய காலத்தில், எங்களோடு தமிழில் பேசக் கேட்டு வாலாட்டிய முதல் உயிர் மணிதான். அதனை விடுவதற்கு முன், இதற்கு வழியே இல்லையா என்று ஆராய்ந்து பார்ப்பது கடமை எனத் தோன்றியது. கால்நடை மருத்துவர் ஒருவரை நாடினோம். அவர் கூறியவற்றையும், பின்னர் நாங்கள் பட்டறிந்தவற்றையும் இங்கே சொல்கிறோம்.

முதலில் உரோமம் ஏன் உதிர்கிறது என்பதை அறிய வேண்டும். ஒவ்வோர் உரோமமும் வளரும்; வளர்ச்சி நின்று சில காலம் ஓய்ந்திருக்கும்; பின் உதிர்ந்து புதியதற்கு இடம் விடும். இது நோயன்று, இயற்கை. ஸ்பிட்ஸ், அல்சேஷன், லாப்ரடார் முதலிய இனங்களுக்கு இரண்டு அடுக்கு உரோமம் உண்டு. மேலே நீண்டு விறைப்பாக இருப்பது ஓரடுக்கு. உள்ளே கம்பளிபோல் மென்மையாக அடர்ந்திருப்பது மற்றோரடுக்கு. பகற்பொழுது நீளும் இளவேனிலிலும், குறையும் கூதிர்காலத்திலும் அந்த உள்ளடுக்கு பெருமளவில் கழியும். வடநாட்டில் ஹோலிப் பண்டிகையை ஒட்டியும் தீபாவளியை ஒட்டியும் வீடெங்கும் உரோமம் பறப்பதன் காரணம் இதுவே. இரவிலும் விளக்கொளியில் வாழும் வீட்டு நாய்க்குப் பருவம் மயங்கிவிடுவதால், ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக உதிர்வதும் உண்டு. பனிக்காலம் என்று ஒன்று தெளிவாக இல்லாத மும்பையிலும் பெங்களூரிலும் வாழும் அன்பர்கள் இதனை நன்கு அறிவார்கள்.

உதிர்வதை நிறுத்த இயலாது. உதிரும் இடத்தை மாற்ற இயலும். இதுதான் நாங்கள் கற்ற முதற்பாடம். சீப்பில் வந்துவிடும் உரோமம் சோற்றில் வராது. உதிரும் பருவத்தில் நாள்தோறும் பத்து அல்லது பதினைந்து நிமிடமும், மற்றக் காலங்களில் வாரத்திற்கு இரண்டு மூன்று முறையும் வாரிவிட வேண்டும். மேலாக வாரினால் போதாது. ஒரு கையால் உரோமத்தை விலக்கி, தோல் தெரியும்படி வகிடு எடுத்து, வரிசை வரிசையாக வார வேண்டும். இரட்டை அடுக்கு உரோமத்திற்கென நீண்ட பற்கள் கொண்ட சீப்பு கிடைக்கிறது. குறுகிய உரோமமுடைய நாய்க்கு இரப்பர் கையுறை போதும். இரப்பரையும் அழுத்தித் தேய்த்தல் ஆகாது; தோல் புண்படும். வாரி எடுத்ததைக் காற்றில் விடாமல் காகிதத்தில் பொதிந்து குப்பையில் இட வேண்டும். நாங்கள் மாடத்தில் வாரிக் காற்றில் விட்டதே கீழ்வீட்டாரின் துன்பத்திற்குக் காரணம். இப்போது சன்னல்களை மூடி, மின்விசிறியை நிறுத்தி, பழைய விரிப்பு ஒன்றின்மேல் மணியை நிறுத்தி வாருகிறோம்.

இரண்டாவது பாடம், நாங்கள் செய்த பிழையிலிருந்து கற்றது. முந்திய ஆண்டுக் கோடையில், உரோமமும் குறையும், வெப்பமும் தணியும் என்று எண்ணி மணியின் உடலை முழுவதும் மழித்துவிட்டோம். அந்த உரோமம் குளிரை மட்டுமன்றி வெயிலையும் தடுக்கும் போர்வை என்பதை அறியாமற்போனோம். மழித்த தோல் வெயிலில் கன்றியது. மேலடுக்கு ஆங்காங்கே திட்டுத் திட்டாகவே மீண்டும் வளர்ந்தது. மருத்துவர் அதனைத் தடவிப் பார்த்து, "குடை கனக்கிறது என்று கோடையில் குடையை எறிந்துவிட்டீர்களே" என்றார். நோயின் பொருட்டு மருத்துவர் பணித்தாலன்றி இரட்டை அடுக்கு நாயை மழித்தல் கூடாது.

மூன்றாவது, நீராட்டல். மூன்று நான்கு வாரங்களுக்கு ஒரு முறை போதும். அடிக்கடி நீராட்டினால் தோலின் எண்ணெய்ப் பசை நீங்கி, வறட்சியால் உதிர்வு மிகும். நாயின் தோல் நம் தோலைப் போன்றதன்று; நாம் குளிக்கும் சோப்பு அதற்கு ஒவ்வாது. நாய்க்கென உள்ள ஷாம்பூவையே பயன்படுத்தல் நலம். நீராட்டும் முன் வாரிவிட வேண்டும். இல்லையேல் சிக்கு இறுகிக் கம்பளிக் கட்டியாகும். நீராட்டியபின் உள்ளடுக்கு வரை ஈரம் உலர்த்த வேண்டும். மும்பை, கொல்கத்தா போன்ற நகரங்களில் மழைக்காலத்தில் இது மிக இன்றியமையாதது. ஈரம் தங்கினால் தோல் நோய் பற்றும்.

நான்காவது, உணவு. உரோமம் பெரும்பாலும் புரதத்தால் ஆனது. எங்கள் மணி பல ஆண்டுகள் தயிர்ச்சோற்றிலேயே வளர்ந்தது. அதில் அன்பு இருந்தது. போதிய புரதம் இல்லை. மருத்துவர் சொற்படி வேகவைத்த முட்டையும் மீனும் சேர்த்தோம். சைவ உணவினர், நாய்க்குத் தேவையான சத்துகள் அனைத்தும் அடங்கிய உணவை மருத்துவரைக் கேட்டுத் தேர்ந்து வழங்கலாம். தமிழ் வீடுகளில் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். வெங்காயமும் பூண்டும் நாயின் குருதியணுக்களைச் சிதைக்கும் நஞ்சு. ஆகவே சாம்பார்ச்சோறும் பூண்டு ரசமும் அதற்கு ஆகா. திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் ஆகியவையும் தீங்கானவை. பாயசத்தில் எஞ்சியதை நாய்க்கு வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுக.

ஐந்தாவது, இயல்பான உதிர்வுக்கும் நோய்க்கும் உள்ள வேறுபாடு. உடல் முழுவதும் சீராக உதிர்ந்து, தோல் நன்றாக இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. ஓரிடத்தில் வழுக்கை விழுதல், தோல் சிவத்தல், செதில் எழுதல், தீநாற்றம், ஓயாத சொறிதல் ஆகியவை நோய்க் குறிகள். உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் காரணமாகலாம். சொறியும் படர்தாமரையும் காரணமாகலாம். படர்தாமரை மனிதருக்கும் தொற்றும். தைராய்டு சுரப்பி குன்றினாலும் உரோமம் உதிரும். இவற்றிற்குக் கைமருந்து தேடாமல் மருத்துவரை நாடுக.

வீட்டில் இளைப்புடைய குழந்தை இருந்தால் மற்றொன்றையும் அறிய வேண்டும். ஒவ்வாமை தருவது உரோமத்தின் இழையன்று. தோலின் நுண்செதிலிலும் உமிழ்நீரிலும் உள்ள புரதமே. ஆதலின் உரோமம் உதிர்க்காத இனத்தை வாங்கினால் தொல்லை தீரும் என்பது முழு உண்மையன்று. படுக்கையறைக்குள் நாயை விடாதிருத்தல், தொட்டபின் கைகழுவுதல், குழந்தையின் மருத்துவரிடம் கலந்து பேசுதல் ஆகியவையே தக்க வழிகள்.

இனி வீட்டைத் தூய்மை செய்யும் முறை. உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்கினால் உரோமம் எழுந்து பறந்து வேறோரிடத்தில் அமரும். ஈரத்துணியால் துடைப்பதே நன்று. வசதியுள்ளோர் தூசி உறிஞ்சும் இயந்திரம் கொள்ளலாம். சோபாவில் ஒட்டியதை, நீரில் நனைத்த இரப்பர் கையுறையால் ஒரே திசையில் வழித்தால் சுருண்டு வந்துவிடும். நாய் படுக்கும் இடத்தில் பருத்தி விரிப்பு இட்டு வாரந்தோறும் துவைக்கலாம். துணிகளை இயந்திரத்தில் இடுமுன் உதறுக. இல்லையேல் வடிகட்டி அடைபடும். குளியலறை வடிகாலுக்கு ஒரு சல்லடை போதும். சமையலறை வாயிலில் மணிக்கு ஓர் எல்லை வகுத்தோம். பத்தே நாளில் அது கற்றுக்கொண்டது.

நாயைத் தெருவில் விட்டுவிட எண்ணுவோர்க்கு ஒரு சொல். தக்க காரணமின்றி ஒரு விலங்கைப் பசியாலும் தாகத்தாலும் வருந்துமாறு கைவிடுதல், 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அச்சட்டத்தின்கீழ் 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவராக இருந்தவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல். சட்டம் இருக்கட்டும், வீட்டில் வளர்ந்த நாய்க்குத் தெருவில் வாழத் தெரியாது. கொடுத்தே ஆகவேண்டிய நிலை வந்தால், நன்கு வளர்ப்பார் ஒருவரைத் தேடிக் கண்டபின் கொடுப்பதே அறம்.

எங்கள் வீட்டில் அந்த நிலை வரவில்லை. வாரத் தொடங்கிய முதல் வாரம் நாளொன்றுக்கு இரு கை நிறைய உரோமம் வந்தது. மூன்றாம் வாரம் ஒரு பிடியாயிற்று. முதலில் தொலைவில் அமர்ந்து பார்த்திருந்த அம்மா, ஒருநாள், "இப்படியா தலை வாருவது? சீப்பை இங்கே கொடு" என்று வாங்கிக்கொண்டார்கள். அன்று முதல் மாலைதோறும் வாரியது அவர்களே. கீழ்வீட்டு அம்மையாரிடம் சென்று பிழை பொறுக்கக் கேட்டோம். இப்போது அவர் வீட்டுப் பேரன் மணியோடு விளையாட வருகிறான்.

ஊருக்குத் திரும்பும் நாளில், புகைவண்டி புறப்படும் வேளையில் அம்மா சன்னல் வழியே சொன்னார்கள்: "அடுத்த பங்குனிக்கு வருகிறேன். அதுவரை அந்தச் சீப்பைத் தொலைத்துவிடாதீர்கள்." அவர்கள் சேலை முந்தானையில் வெள்ளை உரோமம் ஒன்று ஒட்டியிருந்தது. அதனை எடுத்துவிடக் கை நீட்டினோம். "இருக்கட்டும்" என்றார்கள்.